தவிட்டுச் சாக்கில் பிடியரிசி

அத்தியாயம் 17

"அசனத்துக்கு நான் சோறு விளம்ப வாறேன்" என்று போன வாரம் சஜன் சொன்னானே, அதைக் கேட்ட நாளிலிருந்து ஆனந்தபாய்க்குத் தூக்கம் இல்லை. எல்லாம் சந்தோஷத்தில்தான். சபை விருந்தில் நாலு பேருக்குச் சோறு பரிமாற வருகிறேன் என்று பெற்ற மகன் சொன்னதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்கள், இந்தக் குடும்பத்தின் ஜூன் மாதத்தை அறியாதவர்கள்.

ஷார்ஜாவில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் ஓணானுக்கும் பல்லிக்கும் இரை போட்டுக்கொண்டிருந்தவன் சஜன். கடையைப் பூட்டிவிட்டார்கள்; ஊருக்கு வந்தான். வந்தவன் பெண்டாட்டி ஷாலுவோடு பேசவில்லை, அம்மாவோடு பேசவில்லை, படலையைத் தாண்டி ரோட்டுக்கு இறங்கவில்லை. ஜூன் மழையில் ஒரு விடியற்காலை அவன் செய்யத் துணிந்ததை நான் மறுபடியும் எழுதப்போவதில்லை. மெடிக்கல் காலேஜிலிருந்து பிழைத்து வந்தான், அவ்வளவு போதும்.

கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்றார் டாக்டர். அவனாகக் கேட்ட வேலைதான் புழு.

முகம் சுளிக்க வேண்டாம். சாப்பிடும்போது உங்கள் தொடரைப் படிக்க முடியவில்லை என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகி ஃபோனில் சண்டைக்கே வந்துவிட்டார். சாப்பிட்டு முடித்துவிட்டுப் படியுங்கள் தாயே, வேறென்ன சொல்ல!

இது சாக்கடைப் புழு அல்ல. வீட்டில் ஓணான், பல்லி வளர்க்கிறவர்கள் தீனிக்காக வாங்குகிற மீல்வார்ம். கோதுமைத் தவிட்டுக்குள் கறுத்த வண்டு முட்டையிடும். முட்டை மஞ்சள் புழுவாகும். புழு கூட்டுப்புழுவாகித் திரும்ப வண்டாகும். நடுவில் நாலு கேரட் துண்டு போட்டால் போதும், குடிக்கத் தண்ணீர்கூட வேண்டாம். முன்பு ரப்பர் ஷீட் அடுக்கியிருந்த பின்னறையில் அலமாரி வைத்து, தட்டுத் தட்டாக சஜன் வளர்த்தான். முதல் தடவை மழை ஈரத்தில் செள்ளுப் பூச்சி பிடித்து எல்லாம் செத்தது. மறுபடியும் தொடங்கினான். அந்த "மறுபடியும்" இருக்கிறதே, அதற்காக ஆனந்தபாய் முழங்காலில் நின்று அழுதாள்.

வீட்டில் "உம்" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறவன், திருவனந்தபுரத்தில் யாரோ ஒருவனுடைய ஓணான் தின்ன மாட்டேன் என்கிறது என்று ஃபோன் வந்தால் மலையாளத்தில் அரைமணி நேரம் பேசுவான். ஆனந்தபாய் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஊரான் வீட்டு ஓணானுக்கு வயிறு சரியில்லை என்பதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்ன ஒரே பெண், இந்தக் கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் அவளாகத்தான் இருப்பாள்.

அப்பா ஈசாக்குக்கு இதில் பிடித்தம் இல்லை. அவர் சபையில் டீக்கனார். இந்த வருஷ அசனப் பொறுப்பும் அவர் தலையில். வேலியில் போகிற ஓணானுக்குத் தீனி விற்கிறானாம் எனக்க மோன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை. கேட்டவர்களிடம், கோழித்தீவனக் கச்சவடம் என்று சொல்லிவைத்திருந்தார்.

இனி சனிக்கிழமைக்கு வருவோம்.

மறுநாள் அசனம். கோயில் முற்றத்தில் பந்தல் போட்டாயிற்று. பனச்சமூட்டிலிருந்து வந்த பெரிய சமையல் செம்புகளை ஆண்கள் கழுவிக்கொண்டிருந்தார்கள். கிழக்கு ஓரத்தில் செல்லையன் விறகு கீறிக்கொண்டிருந்தார். பெண்கள் சுளவும் பாயுமாக அரிசி புடைக்க உட்கார்ந்தார்கள்.

இந்தச் சபையில் அசனச் சோறு பிடியரிசியில்தான் பொங்கும். வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம், பானையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து டப்பாவில் போட்டு வைப்பார்கள். அதை வீடு வீடாகப் போய் வாங்கிவந்து, கோயில் பின்னறையில் இருக்கிற நீலப் பீப்பாயில் கொட்டுவது ஆனந்தபாயின் ஊழியம். இருக்கிறவன் பிடியும் இல்லாதவன் பிடியும் அதற்குள் ஒன்றாகக் கிடக்கும். எது யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. அன்றைக்குக் கேட்டார்கள்.

பீப்பாயிலிருந்து முதல் சுளவை வாரியவள் வேதமாணிக்கம் என்கிற சபைக்காரரின் மனைவி லில்லிபாய். பேசிக்கொண்டே புடைத்தவள் பேச்சை நிறுத்தினாள். லில்லிபாய் பேச்சை நிறுத்துவது அபூர்வம் என்பதால் எல்லோரும் திரும்பினார்கள்.

அரிசிக்குள் மஞ்சளாக ஏதோ நெளிந்தது. அடுத்த சுளவிலும் நெளிந்தது. பீப்பாயைப் பாயில் கவிழ்த்தபோது அடியில் தவிட்டுத் தூள்போலக் கட்டிப்போயிருந்தது. அதற்குள் ஒன்றின்மேல் ஒன்றாக அத்தனையும் புழு.

அரிசியில் வண்டு விழாத வீடு எது? எல்லாப் பெண்களுக்கும் அரிசிப் புழுவைத் தெரியும். வெள்ளையாய், குட்டையாய், வெயிலில் வைத்தால் ஓடிப்போகிற ஜாதி. இது அது இல்லை. இது நீளமாய், பளபளவென்று, தொட்டால் விறைப்பாக இருந்தது. இப்படி ஒன்றைக் கண்டதேயில்லை என்றார்கள்.

கண்டவள் ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தாள். ஆனந்தபாய் தன் சுளவைக் கீழே வைத்தாள்.

அக்டோபரில் சஜனின் இரண்டாவது ஈடு நன்றாக விளைந்து, முதல் பார்சல் கூரியரில் போயிற்று. விளைச்சலில் முதற்பலன் கர்த்தருக்கு என்பது அவள் தாய்வீட்டிலேயே பழகிய வழக்கம். வாழை குலைத்தால் முதல் குலை கோயிலுக்கு. கோழி இட்டால் முதல் முட்டை கோயிலுக்கு. மகனுக்கு விளைந்தது புழு. புழுவைக் கொண்டுபோய்க் காணிக்கைத் தட்டில் வைக்க முடியுமா? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டாள். அவன் அறையில் தவிடு தீர்ந்து கிடந்த சாக்கை அவனிடம் கேட்டு வாங்கி உதறி, அந்த மாதப் பிடியரிசியை அதில் கட்டிக்கொண்டு போனாள். மகன் கை பட்ட சாக்காவது முதலில் தேவாலயத்துக்குள் போகட்டும் என்று. பீப்பாயில் கொட்டும்போது ஒரு மணியும் வீணாகக் கூடாதென்று சாக்கை நன்றாகத் தட்டினாள்.

வண்டின் முட்டை கண்ணுக்குத் தெரியாது, சாக்கு இழையில் பசைபோட்டு ஒட்டிக்கொள்ளும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அவள் கொடுத்த நன்றிதான் இரண்டு மாதம் கழிந்து பாயில் நெளிந்துகொண்டிருந்தது.

எழுந்து நின்று, இது எங்கள் வீட்டுப் புழு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் எடுக்கவும் செய்தாள். அப்போது நாளைய பந்தி கண்முன் வந்தது. வெள்ளைச் சட்டையில் சஜன், கையில் சோற்று வாளி. இன்றைக்கு இந்தப் பேச்சு வெளியே வந்தால் நாளைக்கு அவன் வருவானா? அசனத்தையே கெடுத்த புழுக்காரன் என்று ஊர் சொல்லும். அவன் அந்த அறைக்குள் திரும்பிப் போவான். ஜூன் மாதம் திரும்பி வரும். ஆனந்தபாய் வாயை மூடிக்கொண்டாள்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. இது ஈரத்தில் போட்டுவைத்த ரேஷன் அரிசியாக்கும் என்றாள் ஒருத்தி. ரேஷன் அரிசி தருகிறவர் யார் என்றாள் இன்னொருத்தி. லில்லிபாய் செல்லையன் நின்ற கிழக்கு ஓரத்தைப் பார்த்தாள். அது போதும்.

செல்லையன், பெண்டாட்டி செத்துத் தனியாக இருக்கிற ரப்பர் வெட்டுக்காரர். தானே பொங்கித் தின்கிறவர். பிடியரிசி பெண்கள் காரியம் என்றாலும், அவள் இருந்தபோது கொடுத்த பிடியை அவள் போனபிறகும் அவர் நிறுத்தவில்லை. ஆண்பிள்ளை பிடியரிசி எடுத்து வைக்கிறார் என்று பெண்கள் கேலி பேசுவார்கள், அவரும் சிரித்துக்கொள்வார். அவர் வீடோ நீரோடும் தோட்டு ஓரத்தில், சுவரெல்லாம் ஈரம்.

ஈசாக் வந்து பாயைப் பார்த்தார். மனுஷனுக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருஷத்தில் இல்லாத கேடு, அவர் பொறுப்பில் வந்து விடிந்ததே. செல்லையனைக் கூப்பிட்டார். கோடாலியைச் சாய்த்து வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் வந்தார். ஒரு காலைத் தாங்கித் தாங்கித்தான் நடந்தார்.

எல்லார் முன்னாலும் ஈசாக் கேட்டார்: "இது உமக்க அரிசியா ஓய்?"

செல்லையன் பாயைப் பார்த்தார். பிறகு ஆனந்தபாயைப் பார்த்தார்.

அந்தப் பார்வைக்கு அர்த்தம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சாக்கோடு அவள் வீடு வீடாகப் போன அந்த அக்டோபர் மாதம், செல்லையன் டப்பாவைத் திறந்து காட்டினார். ஒரு மணி அரிசி இல்லை. விடாத மழை, ரப்பர் வெட்டு இல்லை, ரேஷன் அரிசி பாதி மாதத்தோடு தீர்ந்தது, காலிலே புண் வேறு. அடுத்த மாசம் தாறேன், ஆரிட்டயும் சொல்லாதே பிள்ளே என்றார். சொல்ல மாட்டேன் என்றாள். அடுத்த மாதமும் டப்பா அப்படியே இருந்தது. இந்த அசனத்துக்கு அரிசி சேர்க்கத் தொடங்கியதே அக்டோபரில்தான்; பாயில் கிடக்கிற அரிசியில் அவருடையது ஒரு பிடிகூட இல்லை.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கதாத்தான் இருக்கும் டீக்கனாரே" என்றார் செல்லையன்.

இனி நீரு அரிசி தரண்டாம், வேண்டியதை நாங்க பாத்துக்கிடுவோம் என்று ஈசாக் சொன்னார். நல்லவேளை, அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரலே போதும். செல்லையன் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே நடந்தார். விறகு பாதி கீறியபடி கிடந்தது. வேலைக்காரர்களுக்கு வைத்திருந்த மதியக் கஞ்சியை அவர் குடிக்கவில்லை என்பதைக் கவனித்தவள் ஆனந்தபாய் மட்டும்தான்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அவள் அந்தப் பாயிலேயே உட்கார்ந்து, கடையிலிருந்து புதிதாக வந்த அரிசியைச் சாயங்காலம்வரை புடைத்தாள். கர்த்தரே, நாளைக்கு ஒரு நாள் கழியட்டும், நாளைக்கு ஒரு நாள் மட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நாளைக்கு அப்புறம் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியாது.

கெட்ட அரிசியை வீணாக்குவானேன் என்று ஈசாக் ஒரு சாக்கில் கட்டி, ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பினார். கோழிக்கு ஆகும் அல்லவா? அது எங்கே போய் நிற்கும் என்று யோசிக்கிற நிதானம் ஆனந்தபாய்க்கு அப்போது இல்லை.

சஜன் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தான். ஓட்டை போட்ட பெட்டிகளில் புழுவை எண்ணி அடைத்து, திங்கட்கிழமை கூரியருக்குத் தயாராக்கிவிட்டு, ஆட்டோக்காரன் இறக்கிப்போன சாக்கை அவிழ்த்துக் கோழிக்கு வீசினான். கோழிகள் அரிசியை விட்டுவிட்டு வேறெதற்கோ அடித்துக்கொண்டன.

குனிந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். தினமும் பார்க்கிற புழு. தன் தட்டில் இருப்பதைவிடச் சற்று மெலிந்தது, அரிசியைத் தின்று வளர்ந்ததால்.

அப்பாவுக்கு ஃபோன் செய்தான். கோயிலில் சமையல்காரர்களோடு நின்ற ஈசாக், நடந்ததை ஆதங்கத்தோடு சொல்லித் தீர்த்தார். செல்லையன் ஒப்புக்கொண்டதையும் சொன்னார். சஜன் ஃபோனை வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்ச் சாக்குகளைப் பார்த்தான். ஒன்று குறைந்தது. அம்மா அக்டோபரில் கேட்டு வாங்கிக்கொண்டு போனது நினைவு வந்தது. எதற்கு என்று அவன் அன்றைக்குக் கேட்கவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு படலையைத் திறந்தான்.

பாறசாலையில் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற ஷாலு, அந்தி வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். எதிரே ரோட்டில் அவள் புருஷன் நடந்து வந்துகொண்டிருந்தான். ஜூனுக்குப் பிறகு அவனை அவள் ரோட்டில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னைக் கூப்பிட வந்தீங்களா என்று கேட்கவும் கேட்டுவிட்டாள், பாவம்.

அவன் கையை விரித்துக் காட்டினான். புழு இன்னும் அதில் நெளிந்துகொண்டிருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் ஷாலுவின் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் வீட்டுக்குப் போவோம் என்று அவள் சொல்லவில்லை. நானும் வாறேன் என்று கூடவே நடந்தாள்.

செல்லையன் தன் வீட்டு நடையில் உட்கார்ந்து கால் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே அடுப்பில் நெருப்பு இல்லை. அடுப்பைப் பார்ப்பது பெண்களுக்கு ஒரு பழக்கம், ஷாலு பார்த்துவிட்டாள். சாம்பல் கூடப் பழைய சாம்பல்.

"மாமா, அது எனக்க புழுவாக்கும்" என்றான் சஜன். "எனக்க சாக்கிலிருந்து வந்தது. உங்க அரிசியில ஒரு கேடும் இல்ல."

"அது எனக்குத் தெரியும் மக்கா."

"எங்ஙன?"

"நான் இந்தத் தடவ அரிசியே குடுக்கல்ல. அடுப்பு பத்தினாத்தானே பிடியரிசி?"

பின்னே ஏன் உங்களுடையது என்று சொன்னீர்கள் என்று சஜன் கேட்டான்.

செல்லையன் கால்மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "அத்தன பெண்ணுங்களுக்கு முன்ன, நான் ஒண்ணும் குடுக்கல்ல, எனக்கே இல்லன்னு சொல்லணுமா? புழுத்த அரிசியக் குடுத்தவன்னு சொன்னாலும், குடுத்தவன்னு ஒரு பேரு உண்டுல்லா."

நாளைக்கு ஆராதனை முடிந்ததும் எல்லோரிடமும் நான் சொல்லிவிடுகிறேன் என்றான் சஜன். கிழவர் பதறிப்போய் அவன் கையைப் பிடித்தார். ஈரக் கை.

"சொல்லாத மக்கா, உனக்குப் புண்ணியமாப் போவட்டு. எனக்கதில்லன்னு ஆனா, எனக்கது எங்கன்னு கேப்பாவ. டப்பா காலியாக் கெடந்தது உனக்க அம்மைக்கு மட்டும்தான் தெரியும். ஆரிட்டயும் சொல்லண்டாம்னு அவளுக்கிட்ட நான் கேட்டிருந்தேன். இன்னிக்கும் பாரு, அவ வாய் தொறக்கல்ல. நல்ல பெண்ணு."

சஜன் அவர் கையிலிருந்து தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டான். வழியில் ஷாலுவுக்கு முன்னால் நடந்தான். ஷாலு இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிட அவளுக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் ஆனந்தபாய் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முற்றத்தில் கோழிகளையும் சிந்திக் கிடந்த அரிசியையும் பார்த்தபோதே அவளுக்கு எல்லாம் மனசிலாகியிருந்தது. இருந்தும் சட்டையைத் தேய்த்துக்கொண்டேயிருந்தாள். காலரை ஒரு தடவை, கையை ஒரு தடவை, திரும்பக் காலரை.

"அம்மா, அந்தச் சாக்க எடுத்தது நீங்க தெரியாம செஞ்சது" என்றான் சஜன். குரல் உயரவில்லை. "அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல்ல. செல்லையன் மாமனுக்க டப்பா காலின்னு தெரிஞ்சுதானே நீங்க அங்க இருந்திய?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "தெரியும்" என்றாள்.

"பின்ன?"

"உனக்கு வேண்டியாக்கும் மக்கா. உனக்க பேரு வெளிய வந்தா நீ நாளைக்கு வரமாட்ட. பின்ன ஒருநாளும் வரமாட்ட. நாலு பேரு நடுவுல உன்ன ஒரு தடவ பாக்கணும்னு, அதுக்காக்கும் நான் வாய மூடினேன். வேற எனக்கு ஒண்ணும் தோணல்ல."

சஜன் சுவரில் சாய்ந்தான். ஷாலு அவன் பக்கத்தில் வந்தாள்; அவன் வேண்டாம் என்று கை காட்டினான்.

"ஜூன்ல நான் எதுக்குப் போகணும்னு நெனச்சேன் தெரியுமா?" என்றான். இதுவரை இந்தப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுத்ததில்லை, அவனும்தான். "எனக்கு வேண்டி இனி ஆரும் ஒண்ணும் சொமக்கண்டாம்னு. இப்பம் எனக்கு வேண்டி ஒரு பட்டினிக்காரன் பழிய சொமக்கான். சொன்னா அவருக்க மானம் போவும். சொல்லல்லன்னா பழி நிக்கும். நான் என்ன செய்யணும், நீங்க சொல்லுங்க."

ஆனந்தபாய் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

அவன் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஜூன் மாதம் மெடிக்கல் காலேஜிலிருந்து திரும்பிய அன்றே, வீட்டிலுள்ள உள்தாழ்ப்பாள் எல்லாவற்றையும் ஈசாக் கழற்றிப் போட்டார். இனி எந்தக் கதவும் உள்ளிருந்து பூட்டிக்கொள்ளாது என்ற தைரியத்தில்தான் ஆனந்தபாய் இத்தனை நாள் கண்ணயர்ந்தாள்.

உள்ளே எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. கனமான ஏதோ ஒன்று சிமெண்டுத் தரையில் தேய்ந்து வந்து, கதவில் இடித்து நின்றது. புழுத் தட்டுகள் அடுக்கிய அலமாரி.

ஆனந்தபாய் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. மக்கா, மக்கா என்று இரண்டு கையாலும் தட்டினாள். ஷாலு வெளியே சுற்றி ஓடி ஜன்னலுக்குப் போனாள். மழைச்சாரலுக்காகத் தகரம் அடித்த ஜன்னல். விரல் நுழையக்கூட இடம் இல்லை. அங்கிருந்தே ஈசாக்குக்கு ஃபோன் செய்தாள். கோயில் சத்தத்தில் அவர் எடுக்கவில்லை.

ஒரு நிமிஷம் கழித்து உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. அழுகிற குரல் அல்ல. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்க கதவுக்கிட்ட நிக்காதீங்கம்மா. அங்க அடுப்பு எரியல்ல. சோறு எடுத்துக்கிட்டு அந்த ஆளுக்கிட்டப் போங்க."

ஷாலு மூச்சு வாங்க உள்ளே வந்தாள். அவன் சொன்னதைக் கேட்டுவிட்டாள். சமையல்கட்டுக்குப் போய், இருந்த சோற்றையும் மீன்குழம்பையும் தூக்குப்பாத்திரத்தில் போட்டுக் கொண்டுவந்தாள். அவசரத்தில் குழம்பு விளிம்பில் வழிந்திருந்தது.

"போங்க மாமி" என்றாள். "நான் இஞ்ச இந்தக் கதவ விட்டு அசையமாட்டேன். அவங்க சொன்னதச் செய்யுங்க. அதையாவது செய்யுங்க."

நியாயம்தான். செல்லையன் வீட்டுக்கு ஒரு நடை. சோற்றை வைத்து, அவர் காலைப் பிடித்து, என்னை மன்னியும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். காலையிலிருந்து அவள் செய்ய வேண்டியிருந்ததும் அது ஒன்றுதான். ஆனந்தபாய் தூக்கை வாங்கிக்கொண்டு முற்றம்வரை போனாள். படலையில் கை வைத்தாள்.

ஜூன் மாதத்திலும் அவள் இப்படித்தான் போனாள். பக்கத்து வீட்டுக்குப் பால் வாங்க, ஒரு நடை.

திரும்பி வந்துவிட்டாள். தூக்கைக் கீழே வைக்காமலே, மற்றக் கையைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றாள். ஷாலு அவளைப் பார்த்த பார்வையில் கோபமும் இருந்தது, இரக்கமும் இருந்தது.

"மக்கா, ஒரு வார்த்த பேசு" என்றாள் ஆனந்தபாய். "நீ இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லு. நான் இப்பமே போறேன்."

அவன் பேசவில்லை. அவள் போகவும் இல்லை.